காட்டுக்குப் போகுமுன் கேமராவைப் பழகுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விடுமுறை வந்தால் கோலாலம்பூர் இளையோர் பலர் மெராப்போ, பெலும் காடுகளின் பக்கம் வனவிலங்கு ஆய்வுக்குத் தன்னார்வலர்களாகக் கிளம்புகிறார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, பணத்தையும் வாங்கிக்கொண்டு நேரே காட்டுக்கு அழைத்துப் போகும் ஏற்பாட்டாளர்களும் இருக்கிறார்கள். நகரிலேயே அரைநாள் கருவிப் பயிற்சி தராமல் யாரையும் அழைத்துச் செல்லக்கூடாது என்பது எங்கள் கருத்து.

தீபகற்ப மலேசியாவில் மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு என்று 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு சொன்னது. புலியை நேரில் பார்த்து எண்ணுவது நடக்காத காரியம். தானியங்கிக் கேமராவில் விழும் படங்களில் வரிகளை ஒப்பிட்டுத்தான் எது எந்தப் புலி என்று பிரிக்கிறார்கள். ஒரே புலிக்கு இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு. அதனால் விலங்குத் தடத்தின் இருபுறமும் கேமரா வேண்டும். இரண்டையும் நேருக்கு நேர் கட்டினால் ஒன்றின் ஃப்ளாஷ் மற்றதன் படத்தை வெளுத்துவிடும். கொஞ்சம் தள்ளிக் கட்ட வேண்டும். உயரம் முழங்கால் அளவு, அதாவது 40 முதல் 50 சென்டிமீட்டர். இடுப்புக்கு மேலே கட்டினால் சருகுமான் போன்ற சிறு விலங்குகள் விடுபட்டுப் போகும்.

இந்தக் கருவி அசையும் சூட்டை உணர்ந்து படமெடுக்கிறது. வெயிலில் சூடேறிய பிரம்பு இலை ஒன்று எதிரே ஆடினால் போதும், ஆயிரக்கணக்கில் வெற்றுப் படங்கள் குவிந்து, சில நாளிலேயே பேட்டரி தீர்ந்துவிடும். ஆகவே லென்ஸுக்கு முன்னால் மூன்று நான்கு மீட்டர் வரை செடிகொடியை நீக்க வேண்டும். பாராங் கத்தி கையில் கிடைத்தது என்று தடத்தையே வெட்டவெளியாக்கி விடாதீர்கள். அப்புறம் விலங்கு வருகிறதோ இல்லையோ, கேமரா திருடன் வருவான். சூரியன் நேராக அடிக்கும் கிழக்கு, மேற்கு முகங்களைத் தவிர்ப்பது நல்லது.

பழைய பேட்டரியையும் புதியதையும் கலக்கக்கூடாது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள்; நம் காட்டு ஈரத்தில் லென்ஸ் உள்ளுக்குள் வியர்க்கும். பேட்டரி மாற்றினால் சில மாடல்களில் கடிகாரம் தொடக்கத்துக்கே திரும்பிவிடும். நேரம் தவறிய படம் ஆய்வுக்குப் பாதிதான் உதவும். இதற்காகவே கேமரா வைத்த இடத்தின் எண், தேதி, மணி எழுதிய அட்டையைப் பிடித்து முதல் படம் எடுப்பது வழக்கம். பிறகு ஒருவர் குனிந்து, விலங்கின் உயரத்தில் குறுக்கே நடந்து சோதிக்க வேண்டும். இத்தனையும் செய்துவிட்டு, சுவிட்சைச் சோதனை நிலையிலேயே விட்டுவிட்டு வந்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு! இரண்டு மூன்று மாதம் கழித்து மெமரி கார்டை எடுக்கும்போதுதான் அது தெரியவரும். அந்த மாதங்களை யாராலும் திருப்பித் தர முடியாது.

கம்பிக் கண்ணி கண்ணில் பட்டால் தொடாதீர்கள். வைத்தவன் அருகிலேயே இருக்கலாம். இடக்குறிப்பை எழுதிக் குழுத் தலைவரிடம் கொடுத்தால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குத் தெரிவிக்க வேண்டியது அவர் பொறுப்பு. புலித்தடத்தின் படத்தை இடத்தோடு முகநூலில் போடுவது வேட்டைக்காரனுக்கு வழிகாட்டுவதாகும். புறப்படுமுன் கைப்பேசியில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள்.

இரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சியைப் பற்றித் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: உப்போ நெருப்போ வைக்காதீர்கள், அது கடிவாயிலேயே கக்கிவிடும். நகத்தால் பக்கவாட்டில் நெம்பி எடுங்கள்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஆற்று நீரிலும் சேற்றிலும் எலிச் சிறுநீர் வழியே பரவும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். காலில் புண் இருந்தால் தண்ணீர் புகாதபடி கட்டுப்போட வேண்டும். ஆற்று நீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கவே கூடாது. திரும்பிவந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், காட்டுக்குப் போய்வந்ததைக் கிளினிக்கில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தொடக்கத்தில் எலிக்காய்ச்சல் டிங்கி போலத்தான் தெரியும்.

இப்படிக்கு,
வனவிலங்கு ஆய்வுத் தன்னார்வலர்கள் சிலர்,
கோலாலம்பூர்.