அந்தச் சின்ன எலும்பை நினைத்து

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். சரசுவுக்கு வேலை மாற்றம் வந்துவிட்டது, விவரத்தை அவளே எழுதுவாள். எனக்கு இப்போது உன் மணிக்கட்டைத் தவிர வேறு நினைப்பில்லை.

கையை ஊன்றி விழுந்ததை இரண்டே வரியில் சொல்லிவிட்டு, "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, சுளுக்குதான்" என்று முடித்துவிட்டாய். ரகுவின் ஸ்கூட்டருக்கு மட்டும் முழுப் பக்கம்! இரண்டு வாரமாகியும் பாட்டில் மூடியைத் திருகினால் வலிக்கிறது என்கிறாயே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

கட்டைவிரலை நன்றாகப் பின்னால் விரித்துப் பார். அதன் அடியில் இரண்டு தசைநாண்கள் புடைத்து நிற்கும், நடுவே ஒரு குழி விழும். அந்தக் குழியை மெல்ல அழுத்து. உள்ளே இருப்பது ஸ்கேஃபாய்டு, முந்திரிப் பருப்புப் போல வளைந்த சின்ன எலும்பு. மணிக்கட்டின் எட்டு எலும்புகளில், ஊன்றி விழுபவர்களுக்கு அதிகம் முறிவது இதுதான். மயிரிழை விரிசலாக இருந்தால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். குழியில் வலித்தாலே முறிவு என்று அர்த்தமில்லை. ஆனால் இல்லையென்று உறுதியாகும்வரை முறிவாகவே பாவித்துக் கட்டுப் போடுவார்கள்.

ஏன் இத்தனை பதற்றம் என்பாய். இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனை வழியாக நுழைந்து, முழங்கை நோக்கிப் பின்னால் ஓடுகிறது. எலும்பின் இடுப்பில், அதாவது ஒடுங்கிய நடுப்பகுதியில், முறிந்தால் பின்பாதிக்கு ரத்தம் நின்றுபோகலாம். அப்புறம் முறிந்த எலும்பு ஒன்றுசேராமல் போகலாம், சில சமயம் அந்தத் துண்டே செத்துவிடும். பல வருடம் கழித்து மணிக்கட்டு தேய்ந்து வலிக்கும். வகுப்பில் இந்த எலும்பை மாணவர்களிடம் கொடுக்கும்போதெல்லாம் இதைத்தான் முதலில் சொல்வேன். உடம்பின் 206 எலும்புகளில் 54 இரு கைகளில் இருக்கின்றன. அவற்றில் எனக்கு மிகவும் பயம் இதன்மேல்தான்.

படத்தில் இல்லையே என்று வாதாடாதே. அயர்லாந்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814-இல் மணிக்கட்டையொட்டிய ஆரை எலும்பின் (முன்கையில் கட்டைவிரல் பக்க எலும்பு) முறிவை விவரித்தபோது எக்ஸ்ரேயே கிடையாது. அது வந்தது 1895-இல். கண்ணையும் கையையும் வைத்தே அவர் கண்டுபிடித்தார்.

நாளைக்கே எலும்பு மருத்துவரிடம் போ. அந்தக் குழியைத் தொட்டுக் காட்டு, மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல். அதிலும் தெளியாவிட்டால் எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்று கேள். அதுவரை வயலின் வில்லைத் தொடாதே. கச்சேரியைத் தள்ளிப்போடலாம், வில் பிடிக்கும் கை போனால் என்ன செய்வாய்?

முடிவு தெரிந்த அன்றே எழுது.

உன்,
கோபு