வாடகை வீட்டு முற்பணமும் திறப்புக் கையளிப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொக்குவிலில் நாங்கள் மூன்று வருடங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்குக் கொடுத்த முற்பணம் 180,000 ரூபாவில் 150,000 ரூபா, வீட்டை விட்டு இரண்டு வருடங்கள் கழிந்த பின்னர், யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்தில் ஏற்பட்ட இணக்கத்தின் மூலம் சென்ற மாதம் எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது. இதே சிக்கலில் இருக்கும் பலரை நான் அறிவேன் என்பதால் இதனை எழுதுகிறேன்.

வீட்டுக்காரர் கனடாவில் இருக்கிறார். அற்றோணித் தத்துவம், அதாவது அவர் சார்பில் செயற்படும் சட்ட அதிகாரம், பெற்ற அவருடைய உறவினரே வாடகையை வாங்கி வந்தார். திறப்பைக் கொடுத்த அன்று அவர், குளியலறைச் சுவரில் காறை பெயர்ந்திருக்கிறது, உள்ளே வெள்ளையடிக்க வேண்டும், கிணற்று மோட்டர் பழுது என்று அடுக்கி, முற்பணத்தில் எதுவும் மிஞ்சாது என்றார். அந்த மோட்டரை எங்கள் செலவில் திருத்திய பற்றுச்சீட்டு எங்களிடம் இருந்தது. காறையோ நாங்கள் குடிபுகும்போதே பெயர்ந்திருந்தது. ஆனால் அதைக் காட்ட எழுத்தில் ஒன்றும் இல்லை.

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டத்தின்படி, குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்குகள் முதலில் மத்தியஸ்த சபைக்கே செல்ல வேண்டும். அங்கு தீராவிட்டால் கிடைக்கும் இணக்கமின்மைச் சான்றிதழ் இன்றி வழக்குத் தொடர முடியாது. சட்டத்தரணிகள் இல்லாத அந்த அமர்வில் மத்தியஸ்தர்கள் பொறுமையுடன் கேட்டார்கள். அவர்களில் ஒருவர், "நீங்கள் குடிபுகுந்த அன்று சுவர் எப்படி இருந்தது என்று காட்ட ஏதேனும் உண்டா?" என்று வினவியபோது நான் தலைகுனிந்து நின்றேன். பிணக்குத் தீரவில்லை. சான்றிதழைப் பெற்று மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தோம்.

விடை என் மனைவியின் பழைய கைத்தொலைபேசியில் இருந்தது. குடிபுகுந்த அன்று முற்றத்தில் பால் காய்ச்சியபோது எடுத்த படத்தில், பொங்கி வழியும் பானைக்குப் பின்னால் குளியலறைக் கதவு திறந்திருக்க, பெயர்ந்த காறை உள்ளங்கையளவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. எடுத்த திகதியும் பதிவாகியிருந்தது. வழக்கு விசாரணைக்குக் குறித்த நாளில் எங்கள் சட்டத்தரணி அப்படத்தையும் மோட்டர்ப் பற்றுச்சீட்டையும் எதிராளியின் சட்டத்தரணிக்குக் காட்டினார். அன்றே இணக்கம் எட்டப்பட்டு, குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 408ஆம் பிரிவின் கீழ் தீர்ப்பாணையாகப் பதியப்பட்டது. நாங்கள் ஆணியடித்த சுவர்களைச் செப்பனிட 30,000 ரூபாவை விட்டுக்கொடுத்தோம். அது நியாயமான தொகை என்றே கருதுகிறேன்.

எமது நாட்டில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டத்தின்படி, வழமையான பாவனையால் வரும் தேய்மானம் குடியிருப்பவரின் பொறுப்பாகாது. வெள்ளையடித்தல் பெரும்பாலும் இதில் அடங்கும். ஆனால் எது தேய்மானம், எது சேதம் என்று நிறுவ முதல் நாளின் நிலை தெரிய வேண்டும்.

இன்னுமொன்று. வீட்டுக்காரர் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது கணக்குப் பார்ப்போம் என்று எங்களுக்கும் சொல்லப்பட்டது. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, எழுத்தில் இல்லாத உடன்படிக்கைக்கு மூன்று வருடங்களும் எழுத்திலுள்ளதற்கு ஆறு வருடங்களுமே வழக்குத் தொடரும் காலம். இப்படியே திருவிழாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் உரிமையே போய்விடும்.

கடல் கடந்து உழைத்துக் கட்டிய வீடு பாழாகிவிடுமோ என்ற வீட்டுக்காரரின் அச்சமும் பொய்யல்ல. ஆகவே, திறப்புக் கைமாறும் நாளில் இரு தரப்பும் நிரப்பிக் கையொப்பமிடக்கூடிய ஒரு பக்கப் படிவத்தைத் தமிழில் தயாரித்து, கிராம அலுவலர் அலுவலகங்களில் கிடைக்கச் செய்யுமாறு பிரதேச செயலகங்களையும் யாழ்ப்பாணச் சட்டத்தரணிகளையும் கேட்டுக்கொள்கிறேன். கொடுத்த முற்பணத் தொகை, சுவர், தரை, மோட்டர், தண்ணீர்த் தாங்கி ஆகியவற்றின் நிலை, மின்மானி வாசிப்பு, முற்பணத்தை எத்தனை நாட்களுக்குள் திருப்ப வேண்டும் என்பன அதில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
கொக்குவில் வாசகர் ஒருவர்