ஊர்வலம் நடக்கும் சனிக்கிழமைகள்: பெற்றோருக்குத் தலைமை ஆசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

மத்திய லண்டனில் தீவிர வலதுசாரிகளின் பெரிய ஊர்வலங்களும் அவற்றுக்கு எதிரான பேரணிகளும் பெரும்பாலும் சனிக்கிழமைகளில்தான் வைக்கப்படுகின்றன. நமது தமிழ்ப் பள்ளியும் சனிக்கிழமைதான். ஒவ்வொரு தடவையும் வெள்ளி இரவு பத்து மணிக்குப் பிறகு "நாளைக்குப் பள்ளி இருக்கா?" என்ற கேள்வி வரத் தொடங்கி, நள்ளிரவுக்குள் "இல்லையாம்" என்ற பதிலும் யாரோ ஒருவரிடமிருந்து வந்துவிடுகிறது. ஆகவே இந்தக் கடிதத்தைச் சேமித்து வையுங்கள்.

பள்ளி நடக்கும். இரண்டே இரண்டு காரணங்களுக்காக மட்டும் மூடுவோம். ஒன்று, நமது கட்டடம் இருக்கும் பகுதிக்கென்று பொலிசார் எச்சரிக்கை தந்தால். மற்றது, கட்டடத்தை நமக்கு வாடகைக்குத் தரும் பாடசாலை திறக்க மறுத்தால். அப்படி நேர்ந்தால் சனி காலை 7.30க்கு முன் பள்ளியின் அறிவிப்புக் குழுவில் எழுதுவோம். அந்தக் குழுவில் நிர்வாகம் மட்டுமே எழுத முடியும். வகுப்புப் பெற்றோர் குழுக்களில் வருவது எதுவும் பள்ளியின் அறிவிப்பு அல்ல, ஆசிரியர் ஒருவர் அனுப்பியிருந்தாலும்கூட.

இதில் இவ்வளவு கண்டிப்பு ஏன் என்று கேட்பவர்களுக்கு 2024ஐ நினைவூட்ட வேண்டும். ஜூலை 29 அன்று வடமேற்கு இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் நடன வகுப்பில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். கொலையாளி அதற்கு முந்திய ஆண்டு படகில் வந்த அகதி என்று ஒரு பொய்ப் பெயரோடு செய்தி பரவியது. உண்மையில் அவன் காடிஃபில் பிறந்த 17 வயதுப் பையன். ஆனால் மறுநாளே சவுத்போர்ட் பள்ளிவாசல் தாக்கப்பட்டு, 50க்கும் மேற்பட்ட பொலிசார் காயமடைந்தார்கள். அடுத்த ஒரு வாரத்தில் லிவர்பூலில் ஸ்பெலோ லேன் நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். ரொதர்ஹாமில் அகதிகள் தங்கியிருந்த விடுதியை உள்ளே ஆட்கள் இருக்கும்போதே கொளுத்தப் பார்த்தார்கள். மிடில்ஸ்பரோவில் வீதியை மறித்து, கார் ஓட்டி வந்தவர்களிடம் வெள்ளையரா, ஆங்கிலேயரா என்று கேட்டார்கள். கோயிலுக்குப் போகிறவரா, பள்ளிவாசலுக்குப் போகிறவரா என்று அங்கே எவரும் விசாரிக்கவில்லை. "அது முஸ்லிம்களோட பிரச்சினை, எங்களுக்கென்ன" என்று நம்மவர்களின் குழுக்களில் எழுதுகிறவர்கள் அந்தச் சம்பவத்தின் காணொளியை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதலாம். நம் பள்ளியிலேயே முஸ்லிம் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதையும் சேர்த்து நினைக்கவும்.

ஆனால் அதே வாரத்தின் இன்னொரு பக்கமும் உண்டு. ஒகஸ்ட் 7ஆம் திகதி தாக்கப்படப் போவதாகக் குடிவரவு வழக்கறிஞர் அலுவலகங்கள், ஆலோசனை நிலையங்கள் என்று 30க்கும் மேற்பட்ட முகவரிகள் கொண்ட பட்டியல் ரெலிகிராமில் கிளம்பி, ஒரே நாளில் எல்லோருடைய கைத்தொலைபேசிக்கும் வந்துசேர்ந்தது. கடைகள் பலகை அடித்து மூடப்பட்டன. அன்று மாலை அந்த இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு வலதுசாரிகள் வரவே இல்லை, வந்த சில இடங்களிலும் விரல்விட்டு எண்ணும் அளவில்தான். வந்தவர்கள் எதிர்ப் பேரணிக்காரர்கள். கிழக்கு லண்டன் வோல்தம்ஸ்ரோவில் ஹோ ஸ்ட்ரீட் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் நிறைந்து நின்றார்கள். பட்டியலை அனுப்பியவர்களுக்கு ஆள் அனுப்ப வேண்டிய தேவைகூட இருக்கவில்லை, அச்சம் வேலையைச் செய்துவிட்டது. ஒரு முகவரிப் பட்டியல் வந்தால் அதை முன்னனுப்பாதீர்கள். பொலிசாரின் அவசரமற்ற 101 இலக்கத்துக்குச் சொல்லுங்கள்.

எதை நம்புவது? பொலிசாரின் நிபந்தனை அறிவிப்பை. இங்கிலாந்தில் ஊர்வலம் போகிறவர்கள் ஆறு முழு நாட்களுக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது 1986ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டம். ஒரே இடத்தில் நின்று நடத்தும் கூட்டத்துக்கு அப்படி அறிவிக்க வேண்டியதில்லை. ஊர்வலத்தை அடியோடு தடை செய்ய உள்துறை அமைச்சரின் சம்மதம் வேண்டும், அது அரிதாகவே கிடைக்கும். "ஏன் தடை செய்யவில்லை" என்று என்னிடம் கேட்பதில் பயன் இல்லை. பொலிசார் வழக்கமாகச் செய்வது, பிரிவு 12இன் கீழ் ஊர்வலத்துக்கும் பிரிவு 14இன் கீழ் நிலையான கூட்டத்துக்கும் நிபந்தனை விதிப்பதுதான். எங்கே கூடுவது, எந்த வீதியால் போவது, எத்தனை மணிக்கு முடிப்பது என்று வரைபடத்துடன் லண்டனின் மெட் பொலிசின் இணையத்தளத்தில் போடுவார்கள். அந்த வரைபடத்தில் மூன்று விடயங்களைப் பாருங்கள்: இரு தரப்பும் கூடும் இடங்கள், அவற்றுக்கு மிகக் கிட்டிய ரியூப் நிலையங்கள், முடியும் நேரம். உங்கள் வழி அவற்றைத் தொடாவிட்டால் அன்றைய நாள் உங்களுக்கு வழக்கமான சனிக்கிழமைதான்.

முடியும் நேரம் என்று எழுதியதைக் கவனியுங்கள். பெரும்பாலானோர் ஊர்வலம் தொடங்கும் நேரத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். தொடக்கத்தில் பொலிசார் வரிசையாக நிற்பார்கள், கூட்டமும் ஓரிடத்தில் இருக்கும். சிக்கல் வருவது கலையும்போது. காலையிலிருந்து குடித்தவர்கள் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து, கொடியோடு, பொலிஸ் துணையில்லாத ரயில் பெட்டிகளில் ஏறும் நேரம் அது. ஆகவே மாலை நேர மிருதங்க, நடன வகுப்புகளுக்கு மத்திய லண்டன் வழியாகத் தனியே வந்துபோகும் பிள்ளைகளுக்கு அந்த நாட்களில் மட்டும் விடுப்பு உண்டு. கட்டணம் அடுத்த வாரத்துக்குக் கணக்கு வைக்கப்படும். காலை வகுப்புப் பிள்ளைகளுக்கு இது பொருந்தாது. வோட்டர்லூ, வெஸ்ட்மினிஸ்டர், சாரிங் குறொஸ் நிலையங்களில் ரயில் நிற்காமல் போகலாம், பேருந்துகள் திசைதிருப்பப்படலாம், எனவே புறப்படுமுன் பயணச் செயலியைப் பாருங்கள். ரயிலில் யாராவது தொல்லை தந்தால் பெட்டி மாறிவிட்டு, ரயில்வே பொலிசுக்கு 61016 என்ற இலக்கத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். சத்தமாகப் பேச வேண்டியதில்லை என்பதால் பிள்ளைகளுக்கு இது உகந்தது. அடிதடி என்றால் 999.

பள்ளி வாசலில் அன்று ஒரே மாற்றம்தான். ஒன்பதாம் ஆண்டுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைப் பதிவில் பெயர் உள்ள பெரியவர் வந்து கையெழுத்திட்டால்தான் அனுப்புவோம். "அண்ணா வெளியில காரில நிக்கிறார்" என்பது போதாது, அண்ணா இறங்கி உள்ளே வர வேண்டும்.

இனி, மேல் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் கவனமாக வாசிக்க வேண்டிய பகுதி. எதிர்ப் பேரணிக்குப் போகலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நாம் பதிவு பெற்ற அறநிலையம். ஆகவே பள்ளி எவரையும் கூட்டிச் செல்லாது, பள்ளியின் பெயர் பொறித்த மேலங்கியோடு எவரும் போகவும் வேண்டாம். அதற்கு மேல் அது குடும்பத்தின் முடிவு. அமைதியாகக் கூடி எதிர்ப்பது சட்டப்படியான உரிமை. இந்த நகரத்தில் அதற்கு நீண்ட வரலாறு உண்டு: 1936 ஒக்ரோபர் 4இல் பாசிசத் தலைவர் மோஸ்லியின் கறுப்புச் சட்டைக்காரரைக் கேபிள் ஸ்ட்ரீட்டில் மறித்தது, 1978 மே மாதம் அல்தாப் அலி என்ற வங்காளத் தொழிலாளி கொல்லப்பட்டபின் அவரது சவப்பெட்டியின் பின்னால் ஏறத்தாழ 7,000 பேர் டவுனிங் ஸ்ட்ரீட்வரை நடந்தது. பதினோராம் ஆண்டு வகுப்பில் இவற்றைப் பாடமாகவே வைத்திருக்கிறோம். போகாதே என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. ஆனால் எல்லா எதிர்ப் பேரணியும் ஒரே மாதிரி அல்ல.

வோல்தம்ஸ்ரோவில் எதிராளிகள் வராததால் அது திருவிழாபோல முடிந்தது. 2025 செப்ரெம்பர் 13 அப்படி அல்ல. தீவிர வலதுசாரி ரொமி ரொபின்சன் கூட்டிய ஊர்வலத்துக்கு 1,10,000 முதல் 1,50,000 பேர் வந்ததாக மெட் பொலிஸ் மதிப்பிட்டது. எதிர்ப் பேரணியில் ஏறக்குறைய 5,000 பேர். வலதுசாரிகளுக்கு அரசு அலுவலகங்கள் உள்ள வைற்ஹோல் வீதியின் தென்முனையும் மற்றவர்களுக்கு வடமுனையும் ஒதுக்கப்பட்டன, இடையில் வெற்றிடம். வைற்ஹோல் அந்தக் கூட்டத்தைக் கொள்ளவில்லை. மிஞ்சியவர்கள் பக்கத்து வீதிகளால் சுற்றி வந்து தடுப்பை உடைக்கப் பார்த்தார்கள், போத்தல்களும் தீப்பொறி வாணங்களும் பறந்தன, 26 பொலிசார் காயமடைந்தார்கள். எதிர்ப் பேரணிக்காரர்கள் பல மணிநேரம் வெளியேற வழியின்றி நின்று, பின்னர் பொலிஸ் காவலோடுதான் வெளியே வந்தார்கள். ஆகவே பிள்ளை போக விரும்பினால் கேட்க வேண்டியவை, "எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கை என்ன, வெளியேறும் பாதை எது?" என்ற இரண்டு கேள்விகள்தான். 16 வயதுக்குக் கீழ் என்றால் தாயோ தகப்பனோ கூடப் போகாமல் அனுப்பாதீர்கள். போனாலும் கூட்டத்தின் ஓரத்தில், ஏற்பாட்டாளர்களின் தொண்டர்கள் நிற்கும் பக்கமாக நில்லுங்கள். முடிவதற்கு ஒரு மணிநேரம் முன்பே, வந்த வழியால் அல்லாமல் எதிராளிகளுக்கு மறுதிசையில் இருக்கும் நிலையத்துக்கு நடந்து திரும்புங்கள். பதாகைகளை அங்கேயே விட்டுவிடுங்கள். ரயிலில் அவை உங்களை அடையாளம் காட்டும்.

நிபந்தனை போட்ட எல்லைக்கு வெளியே நிற்பது குற்றம். 2022இல் சட்டம் திருத்தப்பட்டபின் "எனக்குத் தெரியாது" என்பது எளிதாகச் செல்லாது, தெரிந்திருக்க வேண்டும் என்று கருதினாலே போதும். வேடிக்கை பார்க்கப் போவதும் ஆபத்து. மூன்று பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ சேர்ந்து செய்யும் வன்முறைக்கு ஐந்து ஆண்டுவரை சிறை, கல் எறியாமல் கூட்டத்தோடு நின்று உற்சாகப்படுத்தியவர்களும் 2024இல் தண்டிக்கப்பட்டார்கள். 12 வயதுப் பிள்ளைகளும் நீதிமன்றம் ஏறினார்கள். இங்கிலாந்தில் 10 வயதிலிருந்தே குற்றப் பொறுப்பு உண்டு.

1994ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதி, பொது ஒழுங்குச் சட்டத்தின் பிரிவு 60 அமலில் உள்ள பகுதியில் சந்தேகம் எதுவும் இல்லாமலே பொலிசார் எவரையும் நிறுத்திச் சோதிக்கலாம். முகமூடியைக் கழற்றச் சொன்னால் கழற்ற வேண்டும். ஆனால் சோதனைக்காகப் பெயரோ முகவரியோ சொல்லத் தேவையில்லை. சோதனைப் பதிவின் பிரதியை மூன்று மாதத்துக்குள் கேட்டு வாங்கலாம். பொலிசார் வளையம் போட்டுக் கூட்டத்தை அடைத்து வைத்தால், வெளியே விடுவதற்கு விலையாகப் பெயர் கேட்கவோ படம் எடுக்கவோ முடியாது என்று 2013இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சமூகத்துக்குத் தொல்லையாக நடந்ததாக நம்பக் காரணம் இருந்தால் மட்டும் பெயர் கேட்கத் தனி அதிகாரம் உண்டு, அப்போது மறுப்பதே குற்றம். எனவே பிள்ளை பணிவாகக் கேட்க வேண்டியது: "எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறீர்கள்?" வளையத்துக்குள் கழிப்பறை இல்லை. ஆஸ்துமாப் பம்ப், நீரிழிவு மருந்து, தண்ணீர் மறக்கக் கூடாது. வீட்டுத் தொலைபேசி இலக்கத்தைப் பேனாவால் கையில் எழுதிவிடுங்கள். கைதானால் கைத்தொலைபேசியை எடுத்துவிடுவார்கள், எவருக்கும் இலக்கம் மனப்பாடம் இல்லாத காலம் இது.

பிள்ளை கைதாகிவிட்டால் சத்தம் போடாமல் பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் பொறுப்பான பெரியவர் ஒருவர் உடனிருக்காமல் விசாரிக்கக் கூடாது. வழக்கறிஞர் இலவசம், மொழிபெயர்ப்பாளரும் இலவசம். "சும்மா ஒரு எச்சரிக்கை, கையெழுத்துப் போட்டால் இப்பவே வீட்டுக்குப் போகலாம்" என்றால், வழக்கறிஞர் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். முறையான எச்சரிக்கை என்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது. பிரித்தானியக் குடியுரிமை விண்ணப்பத்தில் 10 வயதிலிருந்தே நன்னடத்தை பார்க்கப்படுகிறது. விசா, குடியுரிமை முடிவுக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் இதை இரண்டு தடவை வாசியுங்கள்.

கைத்தொலைபேசியைப் பற்றியும் ஒரு சொல். இன வெறுப்பைத் தூண்டும் பதிவுக்கு ஏழு ஆண்டுவரை சிறை உண்டு, 2024இல் பலர் பதிவுகளுக்காகவே உள்ளே போனார்கள். அந்தச் சட்டம் எல்லா நிறத்தவருக்கும் பொதுவானது. பழிவாங்க வேண்டும் என்று நம் பையன் எழுதினாலும் அதே சட்டம்தான்.

சிறு பிள்ளைகளுக்கு இதில் எதையும் சொல்ல வேண்டியதில்லை. கேட்டால் மட்டும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். மின்கம்பத்தில் கட்டிய ஒவ்வொரு இங்கிலாந்துக் கொடியையும் காட்டிப் பயமுறுத்த வேண்டாம். அதில் சில உதைபந்தாட்டத்துக்காகக் கட்டியவை, கட்டிய பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் பிள்ளையின் பிறந்தநாளுக்கு வந்தவர்.

பதினோராம் ஆண்டுக்கு மேற்பட்ட மாணவர்கள் ஊர்வல நாட்களில் தனியே வீடு திரும்பலாமா என்ற சம்மதப் படிவம் இத்துடன் உள்ளது. எதிர்வரும் சனிக்கிழமை வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். படிவம் வராவிட்டால் சம்மதம் இல்லை என்றே கொள்வோம்.

அன்புடன்,
தலைமை ஆசிரியர்

பி.கு.: சிலம்பம் பழகும் பிள்ளைகள் ஊர்வல நாட்களில் கம்பை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். அலுவலக அறையில் பெயர் ஒட்டி வைத்துவிட்டுப் போகட்டும். பிரிவு 60 அமலில் உள்ள நிலையத்தில், ஐந்தடி மூங்கில் கம்போடு நிற்கும் பதினாறு வயதுப் பையன் அது விளையாட்டுக்கானது என்று விளக்கி முடிப்பதற்குள் இரண்டு ரயில் போய்விடும்.