காய்ச்சலுக்கு அமொக்சிசிலின் கேட்பவர்களுக்கு

ஆசிரியருக்கு,

மாரி தொடங்கினால் காய்ச்சல்காரர் பலர் பாமசியில் முதலில் கேட்பது அமொக்சிசிலின் என்ற அன்ரிபயோற்றிக்கை. டெங்கு என்றால் அது ஒன்றுக்கும் உதவாது. அமொக்சிசிலின் பக்றீரியா கலச்சுவர் கட்டுவதைக் குழப்புகிறது. இன்னொரு அன்ரிபயோற்றிக்கான எரித்திரோமைசின், பக்றீரியாவில் புரதம் தொடுக்கும் இறைபோசோமை முடக்குகிறது. வைரசுக்குக் கலச்சுவருமில்லை, சொந்த இறைபோசோமுமில்லை. பிறகு மருந்து எதைத் தாக்குவது?

டெங்கு வைரசின் விட்டம் ஏறத்தாழ 50 நனோமீற்றர். நடுவில் சுமார் 11,000 எழுத்து நீளமான ஒற்றை ஆர்.என்.ஏ. இழை (வைரசின் பரம்பரைச் செய்தி), அதனோடு சேர்ந்த புரதம், அதன்மேல் எங்கள் கலத்திலிருந்தே திருடிய கொழுப்பு மென்சவ்வு, வெளியே 'ஈ' என்ற புரதத்தின் 180 பிரதிகள் (பறக்கிற ஈ அல்ல, ஆங்கில எழுத்து). அவ்வளவுதான். சாப்பிடாது, வளராது, தானாகப் பிளந்து பெருகவும் தெரியாது.

ஈ புரதம் கலத்தைப் பற்றியதும் கலமே அதை ஒரு சிறு பைக்குள் வாங்கிக்கொள்கிறது. பையில் அமிலம் ஏற, அப்புரதம் வடிவம் மாறி இரு சவ்வுகளையும் ஒட்டவைக்கிறது, ஆர்.என்.ஏ. கலத்தின் உள்ளே குழியவுருவுக்குள் இறங்குகிறது. எங்கள் இறைபோசோம் அதை வாசித்து ஒரே நீளப் புரதமாகத் தொடுக்க, அது 10 துண்டாகிறது: 3 வைரசின் உடலுக்கு, 7 படியெடுத்தல் முதலான வேலைகளுக்கு. புதிய வைரசுகள் கொல்கி (கலத்துக்குள் புரதங்களைப் பதப்படுத்தி அனுப்பும் பகுதி) வழியே வரும்போது கலத்தின் நொதியம் ஒன்று ஒரு புரதத்தை நறுக்கிவிட்டால்தான் அவை முதிர்ந்து தொற்றும் வலுப் பெறும்.

அந்த ஏழில் ஒன்றுதான் என்.எஸ்.1. குருதியில் கலப்பதால் அதைச் சோதிக்கலாம், ஆனால் கூடிய பலன் காய்ச்சலின் முதல் நாள்களில்தான். ஆறாம், ஏழாம் நாளில் எடுத்து 'இல்லை' என்று வந்ததை நம்பி இருந்துவிடக்கூடாது. அப்போது பார்க்கவேண்டியது, வைரசுக்கு எதிராக உடல் ஆக்கும் ஐ.ஜி.எம். என்ற பிறபொருளெதிரி.

காய்ச்சல் விட்டதென்று ஆறுதலடைவதும் அதே பிழை. பெரும்பாலும் 3 முதல் 7ஆம் நாளுக்குள், சூடு இறங்கும் வேளையில்தான் குருதிக் குழாயிலிருந்து திரவம் கசியும். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, சிறுநீர் குறைதல் கண்டால் உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும்; அஸ்பிரின், இபுபுரோபன், டைக்குளோபெனாக் குருதிக்கசிவைக் கூட்டும்.

இன்னுமொன்று: பக்றீரியாவையும் வைரசையும் 'கிருமி' என்ற ஒரே சொல்லில் அடைத்து எழுதுவதைப் பத்திரிகைகள் விட்டால் நல்லது. அன்ரிபயோற்றிக்கைக் 'கிருமிகொல்லி' என்று வாசிப்பவர் வேறெதை வாங்குவார்?

உயிரியல் ஆசிரியர்,
கோப்பாய்.