வேகத்துக்கு எண் இருக்கிறது, மின்சாரத்துக்கு எங்கே? பாரத் 6ஜி கூட்டணிக்கு ஒரு திறந்த மடல்

6ஜி ஆராய்ச்சிக்காக அரசும் நிறுவனங்களும் கல்வி நிலையங்களும் கைகோத்த பாரத் 6ஜி கூட்டணியின் பொறுப்பாளர்களுக்கும் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

தேனி மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் இசிஇ (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) மாணவர்களுக்கு வயர்லெஸ் பாடம் எடுக்கிறேன். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். நீங்கள் பணம் கொடுத்து நடத்தும் 6ஜி கூட்டு ஆராய்ச்சியில், ஒரு பிட் தகவலை அனுப்ப எவ்வளவு மின்சாரம் ஆகலாம் என்பதற்கு ஓர் எண் வையுங்கள். அந்த எண்ணை ஒரு கிராமத்து டவரில் அளந்து பாருங்கள். அளந்ததை எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

இதில் என்ன புதுமை, எல்லா அறிக்கையிலும் ஆற்றல் சிக்கனம் பற்றி ஒரு அத்தியாயம் இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். அத்தியாயம் இருக்கிறது, எண் இல்லை. 2017-ல் ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூ 5ஜி-க்கான தேவைகளை வகுத்தபோது, டவுன்லோடுக்கு உச்ச வேகம் நொடிக்கு 20 கிகாபிட், அப்லோடுக்கு 10 கிகாபிட் என்று அடித்துச் சொன்னது. ஆற்றல் விஷயத்தில், வேலை இல்லாத நேரத்தில் கருவி அடிக்கடி, நீண்ட நேரம் தூங்க முடிய வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டது. 2023 நவம்பரில் 6ஜி-க்கான சட்டகம் வந்தது. ஒரு ஜூலுக்கு (ஜூல் என்பது ஆற்றலின் அலகு) எத்தனை பிட் என்று அளக்கலாம் என அதில் எழுதியிருக்கிறார்கள். எத்தனை பிட் வர வேண்டும் என்பதற்கு இலக்கு கிடையாது. எண் வைத்ததற்குத்தான் பொறியாளர்கள் உயிரைக் கொடுத்து உழைப்பார்கள், மற்றதெல்லாம் முன்னுரையோடு போய்விடும். வேகத்துக்கு நடந்தது அதுதானே?

எண் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவில் ஒரு முன்னுதாரணம் உண்டு. 2010 முதல் 2012 வரை அங்கே 'எர்த்' என்ற பெயரில் ஒரு கூட்டுத் திட்டம் நடந்தது. கருவி செய்யும் நிறுவனங்களும் செல்பேசிச் சேவை நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, மொபைல் நெட்வொர்க்கின் ஆற்றல் செலவைப் பாதியாக்குவது என்று இலக்கு வைத்தார்கள். முதல் வேலையாக, ஒரு டவர் கருவி எங்கெங்கே எவ்வளவு கரண்ட் தின்கிறது என்று கணக்கெடுத்தார்கள். 20 வாட் அலை அனுப்பக்கூடிய பெரிய டவரின் ஒரு கிளை (ஓர் ஆன்டெனாவுக்கான கருவிப் பகுதி), யாருமே பேசாமல் சும்மா இருக்கும்போதே 130 வாட் இழுக்கிறது. முழு வீச்சில் வேலை செய்தால் ஏறத்தாழ 224 வாட். அதாவது செலவில் பாதிக்கு மேல் சும்மா இருப்பதற்கே போகிறது! அந்தக் கணக்கை அவர்கள் பூட்டி வைக்காமல் வெளியிட்டார்கள். அதனால்தான் அது பிறகு உலகம் முழுக்க ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அடிப்படைக் கணக்காக ஆனது. இந்தியாவில் எழுதப்படும் கட்டுரைகளிலும்கூட அந்த ஐரோப்பிய 130 வாட்டைத்தான் போட்டுக் கணக்குப் பார்க்கிறோம். நம் ஊர் டவருக்கு, அதன் பேட்டரிக்கு, டீசல் ஜெனரேட்டருக்கு, 40 டிகிரி வெயிலுக்கு என்று பொதுவில் கிடைக்கும் அப்படியொரு கணக்கை நாமும் செய்தால் என்ன?

சும்மா இருக்கும்போது ஏன் இவ்வளவு செலவு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 4ஜி டவர் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மில்லிநொடிக்கு மில்லிநொடி அடையாள சிக்னலை அனுப்பிக்கொண்டே இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஊரே தூங்கினாலும் அது தூங்காது. 5ஜி-யில் அந்த இடைவெளி வழக்கமாக 20 மில்லிநொடி. அந்த இடுக்கில் கருவி கண்ணயரலாம். 6ஜி-யில் இன்னும் ஆழ்ந்து தூங்க வைக்கலாம் என்பதுதான் இப்போதைய ஆராய்ச்சி. நல்லது.

ஆனால் எண் வைக்கும்போது ஒரு தந்திரத்துக்கு இடம் கொடுத்துவிடாதீர்கள். ஜூலுக்கு எத்தனை பிட் என்பதை முழு லோடில் அளந்தால் எந்தக் கருவியும் கெட்டிக்காரக் கருவியாகத்தான் தெரியும், ஏனென்றால் அந்த 130 வாட் ஏகப்பட்ட பிட்டுகளின் தலையில் பங்காகிவிடும். சென்னை தி.நகரில் சாயங்காலம் அளந்த கணக்கு அழகாக இருக்கும். எங்கள் மாவட்டத்துக் கடமலைக்குண்டுப் பக்கம் ஒரு டவரில் நாள் முழுக்கப் பத்தில் ஒரு பங்கு லோடுகூட வராவிட்டால், அந்த அழகால் யாருக்கு லாபம்? குறைந்த லோடில் அளக்கச் சொல்லுங்கள். இந்த மடலில் ஒரே ஒரு வரியைத்தான் நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள் என்றால், இதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

நம்மால் உலகத் தேவைகளில் கை வைக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஏற்கெனவே வைத்திருக்கிறோம். 5ஜி-யின் கிராமப்புறச் சோதனைக்கு முதலில் வைத்த கணக்கில் ஒரு டவருக்கும் அடுத்த டவருக்கும் இடையே 1,732 மீட்டர். இந்தியக் கிராமத்தில் அது கட்டுப்படியாகாது, பஞ்சாயத்து அலுவலகம் வரை ஃபைபர் வருகிறது, அங்கே ஒரு டவர் நட்டால் சுற்றி 3 கிலோமீட்டர் எட்ட வேண்டும் என்று நம் ஆட்கள் வாதாடினார்கள். 6 கிலோமீட்டர் இடைவெளியும் சோதனையில் சேர்ந்தது. இடைவெளி மூன்றரை மடங்குதானே என்று தோன்றும். பரப்பில் பார்த்தால் ஒரு டவர் 12 மடங்கு இடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம் 5ஜிஐ என்று இந்தியாவுக்கான தனித் தரமாகக் கொண்டுபோனது, செல்பேசி நிறுவனங்கள் செலவைக் காட்டி எதிர்த்தது, கடைசியில் உலகச் செல்பேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி கூட்டமைப்பின் பொதுத் தரத்தோடு சேர்த்தது எல்லாம் தனிக்கதை. தனித் தரம் தேவையில்லாத வீம்பு என்பது என் கருத்து. அந்த 6 கிலோமீட்டர் கோரிக்கை வீம்பு அல்ல.

அதே முயற்சியில் பிறந்த இன்னொன்றை வகுப்பில் நான் பெருமையாகவே சொல்வேன். எங்கள் பக்கம் தோட்டத்தில் நிற்கிறவரின் போனில் சிக்னல் கோடு முழுசாகக் காட்டும். ஆனால் நோய் பிடித்த வாழை இலையை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சுற்றிக்கொண்டே இருக்கும், போகாது. காரணம் எளிது. டவர் பல வாட்டில் கத்தும், அதனால் போனுக்கு நன்றாகக் கேட்கும். போன் பதில் சொல்வது வெறும் 0.2 வாட்டில். வழக்கமான 5ஜி அலைவடிவத்தில் ஏற்ற இறக்கம் அதிகம் என்பதால், உச்சிக்கு இடம் விட்டு ஆம்ப்ளிஃபையரை அடக்கியே ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் அலை சிதைந்துவிடும். ஐஐடி ஹைதராபாத்தும் ஐஐடி மெட்ராஸும் சீவிட் என்ற வயர்லெஸ் ஆராய்ச்சி மையமும் முன்வைத்த, தகவலை அலையில் ஏற்றும் பை/2 பிபிஎஸ்கே முறையில் அலையின் உயரம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் ஓடும். ஆம்ப்ளிஃபையரை அதன் விளிம்பு வரை ஓட்டலாம். 3ஜிபிபி-யின் 15-ஆம் வெளியீட்டில் இது சேர்ந்தது, சில அலைவரிசைகளில் போன் 0.4 வாட் வரை அனுப்ப வழி பிறந்தது. டவரைத் தொடாமல், புது அலைக்கற்றை வாங்காமல் கிடைத்த எட்டம் இது. மூன்று நிறுவனங்கள் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட கஷ்டத்தைக் கையில் எடுத்ததால் வந்தது.

சரி, தேனிக்கு வருகிறேன். கூட்டு ஆராய்ச்சி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே பாடம் இருக்கிறது. 2005, 06 வாக்கில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அரவிந்த் கண் மருத்துவமனையோடு சேர்ந்து, தேனி மருத்துவமனையையும் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களையும் சாதாரண வைஃபை அட்டைகளை வைத்தே இணைத்தார்கள். நோயாளி தன் ஊரில் உட்கார்ந்தபடியே தேனி டாக்டரிடம் வீடியோவில் கண்ணைக் காட்டினார். வீட்டுக்குள் ஓடச் செய்த வைஃபை ஒவ்வொரு தகவல் பொட்டலத்துக்கும் ரசீது வரக் காத்திருக்கும். பல கிலோமீட்டர் தாண்டும்போது ரசீது வருவதற்குள் பொறுமை இழந்து மறுபடி அனுப்பும். அந்த முறையைத் தூக்கிவிட்டு, இரு முனைகளும் நேரம் பங்கிட்டுப் பேசும்படி மென்பொருளை மாற்றினார்கள்.

இதுவரை ஆய்வகத்திலேயே யோசித்திருக்கலாம். ஊருக்குள் வந்த பிறகுதான் பெரிய வில்லன் யார் என்று தெரிந்தது: கரண்ட். 70 வோல்ட்டுக்குக் கீழே இறங்குவதும் 350-க்கு மேலே ஏறுவதும் அளவில் பதிவானது. ரௌட்டர்கள் கருகின, திடீரென்று மின்சாரம் போனதில் நினைவட்டைகள் கெட்டன. ரேடியோவைவிட மின்சாரமே அதிகம் படுத்துகிறது என்று அவர்கள் ஒளிக்காமல் எழுதினார்கள், அதற்கென்று சோலார் சார்ஜ் கட்டுப்பாட்டுக் கருவியையும் செய்தார்கள். இந்த விஷயம் எந்த சிமுலேஷனிலும் வராது. ஏனென்றால் சிமுலேஷனில் கரண்ட் போகாது.

இப்போது நம் 5ஜி சோதனைக்களத்தைப் பாருங்கள். 2018-ல் ஒப்புதல், சுமார் 224 கோடி ரூபாய், ஐஐடி மெட்ராஸ் தலைமையில் எட்டு நிறுவனங்கள், 2022 மே 17-ல் தொடக்கம். சாதனைதான், மறுக்கவில்லை. களம் இருக்கும் ஐந்து இடங்கள் எவை? சென்னை, டெல்லி, ஹைதராபாத், கான்பூர், பெங்களூரு. அத்தனையும் பெருநகரம், அத்தனையும் ஜெனரேட்டர் வசதியுள்ள வளாகம். 6 கிலோமீட்டர் எட்டும் டவரை வடிவமைத்துவிட்டு அதை அடையாறு மரநிழலில் சோதிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அதனால் 6ஜி சோதனைக்களங்களில் ஒன்றையாவது ஊர்ப்புறத்தில் போடுங்கள். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில்தான் போட வேண்டும் என்று அடம் பிடிக்கவில்லை, சத்தீஸ்கரின் பஸ்தராகவும் இருக்கலாம், ராஜஸ்தானின் பார்மராகவும் இருக்கலாம். பொது மின்கம்பியில் வரும் கரண்டிலேயே அது ஓட வேண்டும். பக்கத்துக் கல்லூரிகள் அதில் வேடிக்கை பார்க்க வரும் விருந்தாளிகளாக இல்லாமல், அளவெடுக்கும் பங்காளிகளாக இருக்க வேண்டும். பணம் இல்லை என்று சொல்ல முடியாது. 2022-ல் தொடங்கிய தொலைத்தொடர்புத் தொழில்நுட்ப வளர்ச்சி நிதி, ஆண்டுதோறும் சேரும் அனைவருக்குமான சேவை நிதியிலிருந்து (இப்போது அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி) 5 சதவீதம் பெறுகிறது. கிராமப்புறத்துக்கான தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கு என்றே அந்த நிதியை உருவாக்கினீர்கள்.

செல்பேசி நிறுவனங்கள் டவர் மின்செலவுக் கணக்கைத் தொழில் ரகசியம் என்று சொல்லும். ஊர்ப் பெயரையும் நிறுவனப் பெயரையும் எடுத்துவிட்டு, மணிக்கு மணி லோடும் வாட்டும் மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். கிராமப்புற டவர்களில் பாதியாவது 2015-க்குள் கலப்பு மின்சாரத்தில் (சோலார் போன்றவையும் மின்கம்பிக் கரண்டும் சேர்ந்தது) ஓட வேண்டும் என்று 2012-லேயே உத்தரவு போட்ட துறை இது. டீசல் எவ்வளவு மிச்சமானது என்று டவர்வாரியாக ஒரு பொதுக்கணக்கு இருந்திருந்தால், இந்த மடலில் பாதியை நான் எழுதியிருக்கவே வேண்டாம்.

உலக 6ஜி காப்புரிமைகளில் 10 சதவீதம் நம்முடையதாக இருக்க வேண்டும் என்கிறீர்கள். இருக்கட்டும். அந்தப் பத்தில் எத்தனை மின்செலவைக் குறைக்கிறது என்று ஆண்டறிக்கையில் ஒரு தனிப் பத்தி சேர்க்க முடியுமா? ஐடியூ-வில் 6ஜி முன்மொழிவுகளை ஏற்பது 2027-ல் தொடங்குகிறது. குறைந்த லோடில் ஜூலுக்கு இத்தனை பிட் என்ற எண்ணை இந்தியாவின் கோரிக்கையாகக் கொண்டுபோக வேண்டுமென்றால், அதற்கு முன்பே கையில் அளவு இருக்க வேண்டும்.

எங்கள் பங்குக்கு மொட்டை மாடி இருக்கிறது, மாணவர்கள் இருக்கிறார்கள், கோடை மழை நேரத்தில் எங்கள் ஊர் கரண்ட் எப்படி ஆடும் என்பதும் தெரியும். மின்னழுத்தத்தையும் சக்தியையும் பதிவு செய்யும் கருவிகளையும், ஏதாவது ஒரு டவரின் வாசலில் நிற்க அனுமதிக் கடிதத்தையும் கொடுங்கள். ஒரு பருவத்து அளவை எடுத்து, யார் வேண்டுமானாலும் பதிவிறக்கும் கோப்பாகத் தருகிறோம்.

இப்படிக்கு,
தேனி மாவட்டத்து இசிஇ ஆசிரியர் ஒருவர்