விற்கும் அன்றே தேதியைச் சொல்லுங்கள்: கணினி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கணினிகளைத் தயாரிக்கும் நிறுவனங்களின், அவற்றுக்கான இயங்குதளங்களை (விண்டோஸ், மேக்ஓஎஸ் போன்றவை) உருவாக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் ஒருவர் அண்மையில் நடத்திய அறிவிப்பு விழாவை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். வரப்போகும் இயங்குதளம் எவ்வளவு அழகானது, எவ்வளவு வேகமானது என்று நெடுநேரம் பேசினார்கள். எந்தெந்தக் கணினிகளில் அது ஓடும் என்பதை மட்டும் மேடையில் யாரும் சொல்லவில்லை. விழா முடிந்த பிறகு, விவரப் பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில் ஒரு பட்டியல் வந்தது. அன்று காலைவரை கடையில் முழு விலைக்கு விற்றுக்கொண்டிருந்த ஒரு மடிக்கணினி அதில் இல்லை. மறுநாளும் அதே மடிக்கணினி அதே விலைக்கு விற்பனையில் இருந்தது. அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

எந்த நிறுவனம் என்று இங்கே குறிப்பிடப்போவதில்லை. ஒருவர் பெயரைச் சொன்னால் மற்றவர்கள் இது தங்களுக்கு இல்லை என்று இருந்துவிடுவீர்கள். இந்த வழக்கம் உங்களில் பெரும்பாலோருக்குப் பொதுவானது. நான் கேட்பதும் உங்கள் எல்லோரிடமும்தான்: ஒரு கணினியை விற்கும் அன்றே, அதற்குப் புதிய இயங்குதளப் பதிப்புகள் எந்த ஆண்டுவரை கிடைக்கும், பாதுகாப்புப் புதுப்பிப்புகள் எந்த மாதம்வரை வரும் என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிடுங்கள்.

நீங்கள் சொல்லாமல் விடுவதைத்தான் மக்கள் ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள். ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சி, மே கடைசியிலோ ஜூனிலோ தைப்பே, ஜூனில் மென்பொருள் மாநாடு, செப்டம்பரில் பெர்லின் என்று உங்கள் நாள்காட்டியை மனப்பாடம் செய்துவைத்திருந்தால்தான் ஒரு சாதாரணக் கணினியை நல்ல நேரத்தில் வாங்க முடியும் என்றாகிவிட்டது. ஒழுங்குமுறை அமைப்பிடம் பதிவான புதிய மாடல் எண், எங்கிருந்தோ கசிந்த வேகச் சோதனை முடிவு, சோதனைப் பதிப்பின் நிரல்வரிகளில் தென்பட்ட சில்லின் (சிப்பின்) பெயர், இணையக் கடையில் சில நாட்களில் வந்துவிடும் என்றிருந்தது திடீரென்று சில வாரங்கள் என்று மாறியது: இவற்றை வைத்துக்கொண்டு அடுத்தது எப்போது வரும், இப்போதிருப்பது எப்போது கைவிடப்படும் என்று கணக்குப் போடுகிறார்கள். வரப்போகும் சில்லைப் பற்றிப் பேசுவதில் எனக்கும் ஆர்வம் உண்டு. அதில் எத்தனை கோர் (கணக்கிடும் பகுதி) இருக்கும், மின்சாரத்தை எவ்வளவு மிச்சப்படுத்தும் என்று நண்பர்களோடு வாதிடுவது இன்பமான பொழுது. மாதாமாதம் எடுத்துவைத்த பணத்தோடு கடை வாசலில் நிற்பவருக்கு அதே ஊகம் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

என் அக்கா மகள் வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்புச் செய்கிறாள். அவளுடைய பழைய மடிக்கணினியின் பேட்டரி உப்பி, டச்பேடை அடியிலிருந்து தூக்கிவிட்டது. ஒரு ஓரம் விளிம்புக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றது. அழுத்தினால் கிளிக் விழாது. மூடியை மூடினாலும் முன்பக்கம் வாய் பிளந்தே இருக்கும். உப்பிய பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது என்பதால் அதைக் கழற்றச் சொன்னேன். அதன் பிறகு சார்ஜர் வயரிலேயே ஓட்டினாள். மின்சாரம் ஒரு நொடி விட்டு வந்தாலும் திரை கறுத்துப்போகும், சேமிக்காத பக்கங்கள் போய்விடும். ஒரு பத்தியைச் சரிசெய்ததும் சேமி, ஒரு படத்தை நகர்த்தியதும் சேமி என்று அவள் இடது கை அந்த இரண்டு விசைகளின் மேலேயே கிடந்தது. அடிக்குறிப்புகள் நிறைந்த ஓர் அத்தியாயத்தை ஒரே மாலையில் மூன்றாவது முறையாக அடுக்கிக்கொண்டிருந்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

பணம் கையில் இருந்தும் அவள் புதியது வாங்காததற்குக் காரணம், அடுத்த மாதம் புதிய மாடல் வருகிறது என்ற பேச்சுதான். அந்த அடுத்த மாதம் வந்ததும், அது அதற்கும் அடுத்த மாதம் என்று தள்ளிப்போனது. நீங்கள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கடைசியில் பெரிய வேலை ஒன்று கைக்கு வந்தது. இனியும் பொறுக்க முடியாது என்று, சேர்த்துவைத்ததை முன்பணமாகக் கட்டி, மீதியைத் தவணையில் போட்டு, கடையில் இருந்ததை வாங்கினாள். இதற்கு எத்தனை ஆண்டு அப்டேட் வரும் என்று விற்பனையாளரிடம் கேட்டும் இருக்கிறாள். "கவலையே படாதீர்கள், இப்போது இருப்பதிலேயே புதிய மாடல் இதுதான்" என்றாராம். அவரைக் குறைசொல்ல மாட்டேன். அவரிடமும் நீங்கள் சொல்லியிருக்கவில்லை. நான் மேலே குறிப்பிட்ட பட்டியலில் இல்லாத மடிக்கணினி அதுதான். அந்த விழா நடந்தபோது அவள் இரண்டாம் தவணைகூடக் கட்டியிருக்கவில்லை.

வாடிக்கையாளர் சேவையை அழைத்தாள். நீண்ட காத்திருப்புக்குப் பிறகு பேசியவர், எதிர்காலத் தயாரிப்புகளையும் திட்டங்களையும் பற்றிக் கருத்துத் தெரிவிப்பதில்லை என்றார். அவள் எதிர்காலத் தயாரிப்பு எதைப் பற்றியும் கேட்கவில்லை. தன் மேசைமேல் இருக்கிற, தான் பணம் கட்டிக்கொண்டிருக்கிற கணினிக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு எதுவரை வரும் என்று கேட்டாள். மறுபடியும் அதே வாசகத்தைப் படித்தார்கள். ஐயா, அம்மா, அந்த வாசகத்தை உங்கள் சேவை மையங்களுக்கு எழுதிக்கொடுத்தவர் யாரோ, அவரிடம் இதைச் சொல்லுங்கள்: விற்ற பொருளைப் பற்றிய கேள்விக்கு அது பதிலாகாது.

ரகசியம் காக்க உங்களுக்குக் காரணம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. 1981-இல் ஆஸ்போர்ன் 1 என்ற, கையில் தூக்கிச் செல்லக்கூடிய கணினி வந்து நன்றாக விற்றது. 1983-இல் அடுத்த மாடலைப் பற்றி அந்த நிறுவனம் முன்கூட்டியே பேசப்போக, இருப்பதை வாங்க ஆளில்லாமல் போனது. அதே ஆண்டு செப்டம்பரில் திவாலானது. இந்தக் கதை உங்கள் தொழிலில் இன்றும் எச்சரிக்கையாகச் சொல்லப்படுகிறது. கேப்ரோ போன்ற போட்டிக் கணினிகளும் நிர்வாகச் சிக்கல்களும்தான் உண்மைக் காரணம் என்று வாதிடுபவர்களும் உண்டு. அந்த வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. அடுத்த கணினியின் பெயரையோ விலையையோ வரும் நாளையோ நான் கேட்கவில்லை. அவற்றை நீங்கள் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் மூடிவைத்துக்கொள்ளலாம். இன்று நீங்கள் விற்கும் கணினியின் ஆயுளைத்தான் கேட்கிறேன்.

அதைச் சொல்லாததால் நேர்ந்தவை ஒன்றிரண்டல்ல. 2006-இல் விண்டோஸ் விஸ்டாவுக்குத் தகுதியானது என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்ற கணினிகளில் பல, விஸ்டாவின் மிக அடிப்படைப் பதிப்பை மட்டுமே ஓட்டக்கூடியவையாக இருந்தன. விளம்பரத்தில் காட்டிய கண்ணாடி போன்ற திரைத்தோற்றம் அவற்றில் வராது. விவகாரம் நீதிமன்றம்வரை போனது. 2021 ஜூனில் விண்டோஸ் 11 அறிவிக்கப்பட்டபோது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினியில் கட்டாயம் என்றார்கள். இன்டெலின் எட்டாம் தலைமுறைச் சில்லிலிருந்துதான் செல்லும் என்றும் சொன்னார்கள். 2017-இல் ஏழாம் தலைமுறைச் சில்லோடு புத்தம் புதிதாக வாங்கியவர்களில் பெரும்பாலோர் நான்கே ஆண்டுகளில் கோட்டுக்கு வெளியே நின்றார்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடியும் என்பதை மைக்ரோசாப்ட் தொடக்கத்திலேயே வெளியிட்டிருந்தது, அந்த நேர்மையைப் பாராட்டுகிறேன். அடுத்த பதிப்புக்குத் தன் கணினி போகுமா என்பதுதான் வாங்கியவருக்குத் தெரியாமல் இருந்தது.

2020 ஜூனில் ஆப்பிள் தன் மேக் கணினிகளில் இன்டெல் சில்லுகளை விட்டுத் தன் சொந்தச் சில்லுக்கு மாறப்போவதாக அறிவித்தபோது, இன்டெல் மேக்குகளுக்கும் இன்னும் பல ஆண்டுகள் புதிய பதிப்புகள் வரும் என்று உறுதி சொன்னது. பல என்றால் எத்தனை என்று சொல்லவில்லை. இன்டெல் சில்லுள்ள மேக் ப்ரோ 2023 ஜூன்வரை விற்பனையில் இருந்தது. 2025-இன் மேக்ஓஎஸ் டஹோதான் இன்டெலுக்குக் கடைசிப் பதிப்பு என்பது அந்த ஆண்டு ஜூனில்தான் தெரிந்தது. அந்த விலையுயர்ந்த கணினியை விற்பனையின் கடைசி நாட்களில் வாங்கியவர், பெட்டியைப் பிரித்து இரண்டே ஆண்டுகளில் இதைக் கேள்விப்பட்டார்.

2023 டிசம்பரில் இன்டெலின் கோர் அல்ட்ரா சில்லுகள் வந்தன. செயற்கை நுண்ணறிவுக் கணினி என்ற பெரிய விளம்பரத்தோடு அவற்றைக் கொண்ட மடிக்கணினிகள் கடைகளை நிறைத்தன. 2024 மே 20-இல் மைக்ரோசாப்டின் கோபைலட்+ என்ற புதிய வகைக் கணினிகள் அறிவிக்கப்பட்டன. அவற்றின் சிறப்பு வசதிகளுக்கு நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்கீடுகள் செய்யும் தனிப்பிரிவு சில்லுக்குள் இருக்க வேண்டும் என்றார்கள். அந்த முதல் கோர் அல்ட்ராக்களில் இருந்த தனிப்பிரிவு அதில் ஏறத்தாழக் கால்பங்குதான் செய்யக்கூடியது. செயற்கை நுண்ணறிவுக்காகவே கூடுதல் பணம் கொடுத்து வாங்கியவருக்கு ஆறு மாதம்கூட முழுதாகக் கிடைக்கவில்லை. அந்தத் தனிப்பிரிவின் தேவை இயங்குதளத்தை எழுதியவர்களுக்கும் சில்லைச் செய்தவர்களுக்கும் முந்தைய நாள் இரவா தெரிந்திருக்கும்? சில்லை வடிவமைக்கவே சில ஆண்டுகள் ஆகும். உங்களுக்குள் பேசிக்கொள்ள அத்தனை காலம் இருந்தது. பணம் கொடுத்தவரிடம் சொல்ல ஒரு வரி இல்லை.

கோபம் வரும்போது இன்னும் பலவும் நினைவுக்கு வருகின்றன. முடிக்காத வேலையை முடித்ததுபோல் மேடையேற்றுகிறீர்கள். அதே கோபைலட்+ அறிவிப்பின் நட்சத்திர வசதியான, திரையில் தெரிவதை அவ்வப்போது படமெடுத்துவைத்துப் பின்னர் தேடித்தரும் ரீகால், பாதுகாப்புக் குறித்து எழுந்த கண்டனத்தால் அடுத்த மாதமே தள்ளிவைக்கப்பட்டு, 2025 ஏப்ரலில்தான் பரவலாக வெளியானது. 2024 ஜூனில் காட்டப்பட்ட, ஆப்பிளின் குரல்வழி உதவியாளரான சிரியின் புதிய வடிவத்தை நம்பிக் கருவி வாங்கியவர்களுக்கு, அது தாமதமாகும் என்ற செய்தி 2025 மார்ச்சில் வந்தது. பொறுத்திருந்து வாங்கினால் லாபம் என்ற பழைய கணக்கும் உடைந்துவிட்டது. 2025-இன் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் ஏறியபோது, அடுத்த மாடலுக்காகக் காத்திருந்தவர்கள் அதே நினைவகத்துக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. முந்தினால் பட்டியலில் இடமில்லை, பிந்தினால் விலை ஏறிவிடுகிறது. இதில் வாங்குபவர் எப்படித்தான் சரியாக நடந்துகொள்வார்? அவருடைய பழைய கணினி இன்னும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைப் பாதுகாப்பற்றது என்று அறிவிக்கவும் செய்கிறீர்கள். அந்த உலோகமும் கண்ணாடியும் குப்பைக்குப் போகும் கணக்கு உங்கள் ஆண்டறிக்கையின் பசுமைப் பக்கங்களில் வருவதில்லை.

பொறுத்தருளுங்கள். வேறு குறைகளை வேறொரு நாள் எழுதுகிறேன். கேட்க வந்தது தேதி.

அதைச் சொல்ல முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், சொல்பவர்கள் இருக்கிறார்கள். தன் இயங்குதளத்தில் ஓடும் குரோம்புக் மடிக்கணினி மாடல் ஒவ்வொன்றுக்கும் தானியங்கிப் புதுப்பிப்பு முடியும் தேதியை கூகுள் வெளியிடுகிறது. 2023 செப்டம்பரில் அந்தக் காலத்தைப் பத்து ஆண்டுகளாக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் பிக்சல் 8 கைபேசிக்கு ஏழு ஆண்டுகள் என்று வெளியீட்டு மேடையிலேயே அறிவித்தது. உபுண்டு என்ற இலவச இயங்குதளம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் நெடுங்கால ஆதரவுப் பதிப்பை வெளியிட்டு, ஐந்து ஆண்டுகள் இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. பதிப்பின் எண்ணே அது வந்த ஆண்டும் மாதமும்தான். இவர்களில் யாருடைய வியாபாரமும் தேதி சொன்னதால் கவிழ்ந்துவிடவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையப் பாதுகாப்புச் சட்டம் (சைபர் ரெசிலியன்ஸ் ஆக்ட்) 2024-இல் நிறைவேறிவிட்டது என்பது உங்கள் சட்டப் பிரிவுகளுக்கு நன்றாகவே தெரியும். 2027 டிசம்பர் 11 முதல், ஆதரவு முடியும் மாதத்தையும் ஆண்டையும் வாங்கும் நேரத்திலேயே அங்கே தெளிவாகச் சொல்லியாக வேண்டும். சில வகைப் பொருட்கள் தவிர, குறைந்தது ஐந்து ஆண்டுகள் ஆதரவும் தர வேண்டும். ஆகவே அந்தத் தேதியை எப்படியும் கணக்கிடத்தான் போகிறீர்கள். அதை அந்த நாடுகளின் பெட்டிகளில் மட்டும் அச்சிட்டுவிட்டு மற்ற நாடுகளின் பெட்டிகளில் விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 2027 டிசம்பர்வரை பொறுத்திருக்கவும் வேண்டாம். அதற்கிடையில் வாங்குபவர்களின் பணமும் பணம்தானே.

ஒரு வேண்டுகோளை மட்டும் இதோடு சேர்க்கிறேன். புதிய இயங்குதளத்துக்கான கணினிப் பட்டியல் வெளிவரும் நாளில் கடையில் விற்பனையில் இருக்கும் மாடல் எதுவும் அதிலிருந்து விடுபடக் கூடாது. விடுபட்டே தீரும் என்றால், அண்மையில் அதை வாங்கியவர் திருப்பித்தந்து பணத்தைப் பெற வழி செய்யுங்கள்.

உங்கள் அடுத்த அறிவிப்பு விழாவுக்கான விவரக்குறிப்பு அட்டவணையை இப்போதே யாரோ தயாரித்துக்கொண்டிருப்பார்கள். திரையின் அளவு, சில்லின் பெயர், நினைவகம், எடை என்ற வரிசையில், எடைக்குக் கீழே ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: புதிய பதிப்புகள் இந்த ஆண்டுவரை, பாதுகாப்புப் புதுப்பிப்புகள் இந்த மாதம், இந்த ஆண்டுவரை. அதே வரியைப் பெட்டியிலும் அச்சிடுங்கள், சேவை மையத்தில் தொலைபேசியை எடுப்பவரிடமும் கொடுத்துவையுங்கள்.

பதிலை எதிர்பார்த்து,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர்