எங்கள் தெரு நலச் சங்கம், திருப்பரங்குன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

செயற்குழு மாதாமாதம் கூடியது. தெருவிளக்கு மனு இன்னும் நிலுவையில்தான். அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

இந்த ஆண்டு பேச வேண்டியது, கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு நடத்திய 'கல்யாண வகுப்பு'. பெயரைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். முருகன் தெய்வானையைக் கைப்பிடித்த ஊர் இது. முகூர்த்த நாளில் சன்னதித் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. ஆனால் பந்தக்கால் எதற்கு என்று கேட்டால் பிள்ளைகள் முழிக்கிறார்கள். மீனாட்சி கல்யாணத்துக்கு அழகர் பிந்தி வந்து கோபித்துக்கொண்ட கதை எல்லாருக்கும் தெரிகிறது. அம்மனைத் தாரை வார்த்துக் கொடுப்பது நம்மூர்ப் பவளக்கனிவாய்ப் பெருமாள் என்பது பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

வகுப்பில் அதிகம் எடுபட்டது மொய் நோட்டு. உறுப்பினர் ஒருவர் வீட்டுப் பழைய நோட்டில், 1974இல் வந்த 5 ரூபாய்க்கு எதிரே, அந்த வீட்டுக் காதுகுத்துக்குத் திருப்பிச் செய்த கணக்கும் இருந்தது. பத்திரமோ சாட்சிக் கையெழுத்தோ கிடையாது. "திருப்பிச் செய்யாவிட்டால்?" என்றான் ஒரு பையன். "அடுத்த விசேஷத்துக்குப் பத்திரிகை வராதுடா" என்றார் பெரியவர்.

நலங்கு சொல்லிக்கொடுத்த அன்றுதான் சிக்கல். கணவரை இழந்த ஓர் அப்பத்தா ஒதுங்கி நின்று, "நான் வைக்கக் கூடாது தாயி" என்றார். "ஏன் அப்பத்தா?" என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை கேட்டது. யாரிடமும் பதிலில்லை. அகநானூறு 86ஆம் பாட்டிலேயே பிள்ளை பெற்ற மகளிர் நால்வர்தான் மணப்பெண்ணை நீராட்டுகிறார்கள் என்றார் தமிழாசிரியர். சரி, பழசுதான். பழசு என்பதற்காக அப்பத்தாவை ஒதுக்க வேண்டுமா என்பது என் கேள்வி. செயற்குழுவில் ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு, அதையும் பதிகிறேன். ஆவணியில் அவர் பேத்திக்கு முதல் நலங்கு அவரே வைத்தார்.

சீர் பற்றியும் வகுப்பெடுக்கச் சொன்னார்கள். தாய்மாமன் சீரைச் சொல்லிக்கொடுத்தோம். மாப்பிள்ளை வீடு கேட்டு வாங்குவதையும் அதில் சேர்க்கச் சொன்னதை மறுத்துவிட்டேன். அதற்குப் பெயர் வரதட்சணை. 1961லேயே சட்டம் தடுத்துவிட்டது.

வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். அப்புறம், சங்கப் பாத்திரங்களில் இரண்டு அண்டாவும் ஒரு ஜமுக்காளமும் திரும்பவில்லை. எந்த வீடு என்று நோட்டில் இருக்கிறது; இங்கே வாசிக்கவில்லை. அடுத்த முகூர்த்தத்துக்குள் கொண்டுவந்து வைத்துவிடவும்.

செயலாளர்